தறி நின்ற நாளில் வந்த தூக்கம்

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் நான். ரேஷன் கடையில் யாராவது எனக்கு முன்னால் நுழைந்துவிட்டால்கூட தள்ளி நின்றுகொள்வேன். படிப்பு பத்தாவதோடு சரி. இப்படிப்பட்டவள் பேப்பரையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததை வாயால் யாரிடமும் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்களைப் போன்ற வீடுகள் வேறு ஊர்களிலும் இருக்கும். அங்கேயும் யாரோ ஒருத்தி சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளர். பட்டாளத்துக்காரரும்கூட. ஆனால் முழு நேரப் பட்டாளம் இல்லை. வருஷத்தில் சில வாரம் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். முடித்து வந்து மறுபடி தறியில் உட்காருவார். நாட்டில் ஏதாவது பதற்றம் என்றால் நீண்ட நாளுக்குக் கூப்பிடுவார்கள், அப்போதும் போயாக வேண்டும். இளவயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓடிப் பார்த்து, மார்பு அளவு போதாமல் திரும்பி வந்தவர். அந்த ஏக்கம் போகாமல் பிறகு இதில் சேர்ந்தார். எங்கள் தெருவில் இதற்கு வைத்த பெயர் 'அரை மிலிட்டரி'. அவர் சிரித்துக்கொள்வார். கிளம்புகிற வாரம் முழுக்க தறிக்குப் பக்கத்தில் பூட்ஸை வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பெரணமல்லூர் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்து வீடுகள் நிறைய உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் சேர்ந்து கேண்டீனுக்குப் போவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். யார் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் தெரியும். எங்கள் தெருவில் பட்டாளத்து வீடு என்னுடையது ஒன்றுதான். அதுவும் அரை. அவர் பட்டாளத்தில் இருக்கும் நாட்களில் மட்டும் நான் பட்டாளத்துக்காரர் மனைவி, வந்துவிட்டால் நெசவுக்காரர் மனைவி. வீட்டுக்குள் எது நடந்தாலும் யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகக் கூப்பிட்டபோது வடக்கே, குளிரான மலைப் பக்கம் நீண்ட நாள் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. கூட இருந்த ஒருவர் திரும்பி வரவில்லை என்று மட்டும் ஒருநாள் சோறு பிசையும்போது சொன்னார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

திரும்பி வந்ததிலிருந்து இரவில் அவர் படுப்பதே இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். விடிந்த பிறகு உள்ளே வந்து படுப்பார். கண் சொருகும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட ஆரம்பித்துவிடும். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். தறி அடிக்கிற அடியில் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஆடும். அவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். கை முஷ்டி மடங்கியிருக்கும். அந்தச் சத்தத்தை இத்தனை வருஷம் கேட்டு வளர்ந்தவர்தான் அவரும்.

நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். எங்கள் கைத்தறியை நிறுத்தினேன். குக்கரை மேலே தூக்கி வைத்துவிட்டுப் பானையில் சோறு வடித்தேன், விசில் சத்தம் வேண்டாமென்று. கதவுத் தாழ்ப்பாளில் கழிவு நூலைச் சுற்றினேன். பக்கத்து வீட்டுத் தறியை நான் எப்படி நிறுத்துவேன்? அது அவர்கள் பிழைப்பு. போய்க் கேட்கவும் எனக்கு வாய் வராது.

தீபாவளியன்று அவர் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கத் தரையில் வெட்டிய குழி அது. அதற்குள் குறுக்கிக்கொண்டு, தலைக்கு மேல் போர்வையை இழுத்து, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். இட்லியை அங்கேயே கொடுத்தேன். பலகாரம் கொடுக்க வந்தவர்களிடம், "மிதிகட்ட உடைஞ்சிப் போச்சி, ரிப்பேர் பண்ணிகினு இருக்காரு" என்றேன். நல்ல நாளில்கூட வேலையா என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

வெம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் தினமும் போன் செய்வாள். எடுத்ததும் கேட்பது ஒன்றுதான்.

"அப்பா தூங்குனாரா மா?"

"கொஞ்சம் தூங்குனாரு."

"பொய் சொல்ற."

"ஆமா."

இப்படி இருக்கும்போதுதான் மறுபடி கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் வந்து சேர வேண்டும். தூங்காத மனிதர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பார்கள். அவருக்கு என்ன ஆகும், பக்கத்தில் நிற்பவருக்கு என்ன ஆகும்?

"அங்க டாக்டர் பாப்பாங்க இல்ல? அவங்ககிட்டயாவது சொல்லுங்க" என்றேன்.

"இன்னா சொல்லணும்?"

"தூக்கம் வரலன்னு."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிச்சிடுவாங்க. அப்புறம் அரையும் கெடையாது. நான் ஃபிட்டுன்னுதான் சொல்வேன்."

பட்டாளத்தில் அவருக்கு மேலே இருந்த சுபேதார் தமிழ்க்காரர். வீட்டில் ஏதாவது என்றால் கூப்பிடுங்கள் என்று எல்லாக் குடும்பத்துக்கும் நம்பர் கொடுத்திருந்தார். அதை என் போனில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். கிளம்புவதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு முழுத் தூக்கமாவது தூங்கி எழ வேண்டும், இல்லையென்றால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை வழக்கம்போல நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு வந்து படுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் நின்றும் போனது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் தறியைப் போட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும் முன்பே உயிர் இல்லை. அவருக்கு வெகுநாளாகச் சர்க்கரை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பிணத்தை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓட்ட மாட்டார்கள். சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. செய்தி ஒவ்வொரு வீடாகப் போகப் போகத் தறிகள் வரிசையாக அடங்கின. கடைசியில் தெருமுனைத் தறியும் நின்றது. காக்கை கத்துவது கேட்டது.

வீட்டுக்காரரை எழுப்பத்தான் உள்ளே வந்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை பாயை விட்டு வெளியே கிடக்க, தூங்கிக்கொண்டிருந்தார். மடங்காத கை. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்க்கவில்லை. தோளைத் தொடப் போனவள் கையை எடுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி மாரடித்து அழுகிறாள். அந்த அழுகை அவரை எழுப்பவில்லை. இந்தப் பக்கம் நான் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பக்கத்து வீட்டார்தான் டீ போட்டுக் கொடுப்போம். பெரிய பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

"ஒரு வாய் குடிங்க அண்ணி."

"எனக்கு எதுக்குமா டீ" என்றாள் அண்ணி. "அவுரு சக்கர இல்லாம குடிச்சிகினு இருந்தாரு. நான் பக்கத்துல உக்காந்து ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிச்சிகினு இருந்தேன். ஒரு நாளாவது அவுரு மாரி குடிச்சிருக்கக் கூடாதா நானு."

அண்ணிக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் வெளியூரில் இருந்த நாளெல்லாம், "இன்னா, வர்றாரா, இல்ல பார்டர்லயே இன்னொரு குடும்பம் வெச்சிட்டாரா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். எனக்கு அவளைக் கண்டால் பயம்.

உறவுக்காரக் கிழவி ஒருத்தி டம்ளரை வாங்கிக்கொண்டே, "பக்கத்தூட்டு ஆம்பள எங்க? ஒரு தபா கூட தல காட்டலியே?" என்று கேட்டாள்.

"உடம்பு சரியில்லைங்க" என்றேன்.

"அவரு மிலிட்டரி இல்ல, ஆர்டர் வந்தாதான் வருவாரு" என்று தூணோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார். துக்கத்திலும் ரெண்டு பேர் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மதியம் சென்னையிலிருந்து அண்ணனின் பெரிய மகன் வந்தான். அழுதான், விழுந்தான், எழுந்து வேலையைப் பார்த்தான். மேளக்காரர்களைத் தெருமுனையில் நிறுத்திப் பிணம் எடுக்கும்போதுதான் வர வேண்டும் என்று சொன்னான். அது வரைக்கும் எனக்கு நிம்மதி. பிறகு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவனுடைய சிநேகிதர்கள் அதிலிருந்து சிவப்பு சிவப்பாகச் சுருள்களை இறக்கினார்கள். எல்லாம் சரவெடி.

"தெருமுனைலருந்து வாசல் வரைக்கும் விரிச்சிடலாம் மச்சான்."

"விரி. எங்கப்பா போறது கோட்ட மைதானம் வரிக்கும் கேக்கணும்."

நான் வீட்டுக்குள் ஓடி வந்து பார்த்தேன். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அவருடைய தலைக்கும் அந்தச் சரவெடி விரிக்கப்போகும் இடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவரும் ஒரு ஜன்னலும்தான். எழுப்பிவிட்டால் தறிக்குழிக்குள் போய்விடுவார். எழுப்பாவிட்டால் அந்தச் சத்தத்தில் எழுந்திருப்பார். எப்படி எழுந்திருப்பார் என்று நினைக்கவே என்னால் முடியவில்லை.

சாவு வீட்டில் போய் அப்படி ஒன்றைக் கேட்கக் கூடாது. அப்பாவை மரியாதையாக அனுப்ப வேண்டும் என்று பிள்ளை நினைப்பதில் தப்பில்லை. அது எனக்குத் தெரியாதா. ஆனாலும் போனேன். பெண்களுக்கு நடுவில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, காதுக்குள் சொன்னேன்.

"அண்ணி, வெடி..."

"இன்னா வெடி?"

"வீட்டாண்ட வேணாமே. ஆத்தாண்ட போயி வெச்சிக்கட்டுமே. அவரு தூங்கறாரு."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒப்பாரி நின்றது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"எம் புருசன் இங்க செத்துக் கெடக்கறாரு. உம் புருசன் தூங்கறாருன்னு நான் வெடி வைக்கக் கூடாதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் காலை ஊன்றினேன். வார்த்தை முந்திக்கொண்டது.

"அவரு தூங்கி ரொம்ப நாளாச்சி அண்ணி. மலையிலருந்து வந்ததுலருந்து தூக்கமே இல்ல. சத்தம் கேட்டா அவரால தாங்க முடியல. தீபாவளிக்கு மிதிகட்ட ரிப்பேருன்னு சொன்னது பொய். குழிக்குள்ள உக்காந்துகினு இருந்தாரு. இன்னிக்குத்தான், தறியெல்லாம் நின்னதால, கண்ண மூடிகினு இருக்காரு. அடுத்த வாரம் மறுபடி போவணும் அண்ணி."

அண்ணன் செத்ததால் அவர் தூங்குகிறார் என்றுதான் நான் சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

வாசற்படியில் நின்ற பெரிய மகன், "மாமா மிலிட்டரிதானே அத்த? வெடிக்கா பயப்படறாரு?" என்றான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. ஆனால் பின்னால் நின்ற சிநேகிதன் சிரித்துவிட்டான்.

"சிரிக்கறதுக்கு இன்னாடா இருக்குது இங்க?" என்றாள் அண்ணி. அவன் தள்ளிப் போனான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியைப் பார்த்தே பேசினாள்.

"அதான் ராவெல்லாம் சேர்ல உக்காந்துகினு இருக்காரா? உங்க அண்ணன் சொல்வாரு, பக்கத்தூட்டாரு நம்ம ஊட்டுக்கும் சேத்து வாச்மேன் வேல பாக்கறாரு, சம்பளம் குடுக்கணும்னு. சக்கரையால இவுரு நாலு தபா எழுந்து வெளிய போவாரு இல்ல? போறப்பல்லாம், 'இன்னா சார், எல்லாம் ஓகேவா?'ன்னு கேப்பாராம். உம் புருசன் 'ஆல் ஓகே'ன்னு சொல்வாராம். அத எங்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் படுப்பாரு."

இது எனக்குத் தெரியாது. அவர் வாசலில் தனியாக இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அண்ணி மகனைக் கூப்பிட்டாள். "வெடியெல்லாம் ஆத்தாண்ட வெச்சிக்கோ."

"ஊரு இன்னாமா பேசும்? அப்பாவுக்கு ஒரு வெடிகூட வைக்கலன்னு..."

"பேசட்டும். ஜல்தி அதெல்லாம் எடுத்து ஆட்டோல ஏத்து."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் போனான். இன்றைக்கும் அவன் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

பொழுது இறங்குகிற நேரத்தில் எடுத்தார்கள். நான் என் வீட்டுக்குள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அவர் காதுக்குப் பக்கத்தில், தொடாமல் வைத்துக்கொண்டிருந்தேன். மேளம் எங்கள் ஜன்னலைக் கடந்து போனது. புருவம் சுருங்கியது, பிறகு சரியானது. தெரு காலியானது. வெகுநேரம் கழித்துக் கமண்டல நாகநதிக் கரைச் சுடுகாட்டுப் பக்கமிருந்து வெடிச் சத்தம் வந்தது. தூரத்தில் தகரத்தில் கல் விழுவது போலத்தான் கேட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். குதித்து எழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யாரு செத்தது?"

"பக்கத்தூட்டு அண்ணன்."

எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு இருந்தது. அது மெல்லப் போவதைப் பார்த்தேன்.

"ராத்திரிகூட கேட்டாரே. எல்லாம் ஓகேவான்னு." பிறகு, "எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

"ஏன் என்ன எழுப்பல? நான் தோள் குடுக்க வேணாமா?"

"நீங்க தூங்கிகினு இருந்தீங்க" என்றேன்.

அவர் அழவில்லை. பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். மலையில் அவர்கூட இருந்து, திரும்பி வராமல் போனவரையும் அவர் கடைசியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு அப்போது தோன்றியது. கேட்கவில்லை. மறைக்கவும் மனம் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். வெடியை ஆற்றுக்கு அனுப்பியதையும் தறிக்குழி விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டதையும் சொன்னேன்.

"நீயா கேட்ட? அத்தன பேரு முன்னாடியா?"

"ம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னையே பார்த்தார். தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு பின்பக்கம் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேட்டி மாற்றி, பக்கத்து வீட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

வீடு கழுவி, பிணம் கிடந்த இடத்தில் விளக்கு வைத்திருந்தார்கள். ஆம்பளைகள் ஆற்றிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அண்ணி சுவரில் சாய்ந்திருந்தாள். பின்னால் அறையில் விசைத்தறி, பாதி நெய்த சேலையோடு அப்படியே நின்றது. இவர் வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அழுது அழுது குரலே இல்லை அவளுக்கு.

"இன்னா சார், எல்லாம் ஓகேவா?" என்று கேட்டாள்.

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "இல்ல அண்ணி" என்றார். அண்ணி மறுபடி அழ ஆரம்பித்தாள். நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வாசலிலேயே நின்றார்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுத் தறியைத் தவிரத் தெருவில் எல்லாத் தறிகளும் ஓடின. அவர் தூங்கவில்லை. என் போனை வாங்கிச் சுபேதார் நம்பரைப் போட்டு, பேசாமல் என்னிடம் கொடுத்தார். நான் பேசினேன். இந்தத் தடவை சேர வேண்டாம், முதலில் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள் என்று சொன்னார்.